சர்வர் திடீரென்று மந்தமானால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கணக்கு அலுவலகத்தில் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட சர்வர், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாதபடி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை). நாலு வருடம் நன்றாக ஓடியது. போன மாதத்திலிருந்து பதினைந்து பேர் சேர்ந்து பில் போட்டால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் சில வினாடி நின்று நின்று போகிறது. டிஸ்க் எல்லாவற்றிலும் பச்சை விளக்குதான். ரெய்டு கன்ட்ரோலரில், அதாவது டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டில், 'ஆல்வேஸ் ரைட் பேக்' என்று மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த ஒருவர். மாற்றலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: வேகம் வரும், அவர் சொன்னது உண்மை. ஆனாலும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் சின்ன வேலைகளை வினாடிக்குச் சுமார் 80 முடிக்கும், நான்கு டிஸ்க்குக்கு 320 என்று வையுங்கள். ஆனால் ரெய்டு 5-இல் ஒரு சின்ன என்ட்ரியை எழுத பழைய டேட்டாவைப் படித்து, பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் அதன் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) படித்து, அப்புறம் இரண்டையும் புதிதாக எழுத வேண்டும், ஆக நான்கு வேலை. 320-ஐ நான்கால் வகுத்தால் 80. நான்கு டிஸ்க் வாங்கியும் எழுதும்போது கிடைப்பது ஒரே டிஸ்க்கின் வேகம்! இத்தனை நாள் இது உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் கன்ட்ரோலரில் இருக்கும் கேஷ் மெமரி. டேட்டாவை அதில் வாங்கிக்கொண்டு, உடனே 'எழுதியாச்சு' என்று சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். இதுதான் ரைட் பேக். நடுவில் கரண்ட் போனால் மெமரியில் இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்தக் கார்டில் ஒரு பேட்டரி. அது பலவீனமானால் கன்ட்ரோலர் தானாகவே ரைட் த்ரூவுக்கு இறங்கிவிடும், அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும்.

உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். கன்ட்ரோலரின் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரில் விர்ச்சுவல் டிரைவ் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் டிரைவ்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஃபால்ட் பாலிசி 'ரைட் பேக்' என்றும், கரன்ட் பாலிசி 'ரைட் த்ரூ' என்றும் இருந்தால் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். சில கார்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டரியைத் தானே முழுதும் வடியவிட்டு மறுபடி சார்ஜ் ஏற்றும், அப்போதும் இப்படி மந்தமாகும், ஆனால் அது சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒரு மாதம் நீடிக்காது.

'ஆல்வேஸ்' என்று வைத்தால் பேட்டரி செத்திருந்தாலும் கேஷில் எழுது என்று நீங்களே உத்தரவு போடுகிறீர்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள், அது பெட்டிக்கு வெளியேதான் காவல், பெட்டிக்குள் பவர் சப்ளை எரிந்தால் என்ன செய்யும்? நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் ஆனது. டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன, டேட்டாபேஸ்தான் திறக்கவில்லை, மூன்று நாள் பில்களை உட்கார்ந்து மறுபடி தட்டினார்கள். பேக்கப் எடுத்து, சர்வரை முறையாக அணைத்து, அந்தக் கார்டுக்குரிய பேட்டரியை மாற்றுங்கள், பழைய வேகம் தானாக வரும்.

அதே பக்கத்தில் டிஸ்க் கேஷ் என்று ஒன்று இருக்கும், அதை ஆஃபில் வையுங்கள். கன்ட்ரோலரின் பேட்டரி டிஸ்க்குக்குள் இருக்கும் மெமரியைக் காக்காது. ரீட் அஹெட் பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிக்கத்தான் உதவும், கணக்கு வேலைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஸ்ட்ரைப் சைஸை, அதாவது டேட்டாவை டிஸ்க்குகளுக்குப் பிரித்துப் போடும் துண்டின் அளவை, தொடாதீர்கள், பெரும்பாலான கார்டுகளில் அதை மாற்ற அரே என்ற டிஸ்க் தொகுப்பையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும். ரீபில்ட் ரேட்டை (கெட்ட டிஸ்க்கை மாற்றிய பிறகு அதன் டேட்டாவைத் திரும்ப உருவாக்கும் வேகம்) அன்றாட வேலையின் வேகத்துக்காகக் குறைப்பதும் வேண்டாம், ரீபில்ட் இழுத்துக்கொண்டே போகும்போது இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. அடுத்த முறை வாங்கும்போது ரெய்டு 10 (டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக ஒன்றுக்கொன்று நகலாக வைக்கும் முறை) போடுங்கள், ஒரு என்ட்ரிக்கு நான்குக்குப் பதில் இரண்டே வேலை. இடம் பாதிதான் கிடைக்கும், பரவாயில்லை.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டாலும் ரைட் பேக் வேண்டுமா?
வாசகர், மதுரை

பதில்: மெகாரெய்டு வகை ரெய்டு கன்ட்ரோலர் கார்டுகளில் எஸ்எஸ்டிக்கு ரைட் த்ரூ, ரீட் அஹெட் இல்லாமல், டைரக்ட் ஐஓ (படித்ததைக் கேஷில் வைக்காமல் நேராகக் கொடுப்பது) என்று வைப்பதுதான் வழக்கமான பரிந்துரை. எஸ்எஸ்டியே வேகமானது, நடுவில் கேஷ் அதற்கு ஒரு சுற்றுவழி. உங்கள் சாஃப்ட்வேரை வைத்தே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.