வயலில் உள்ள பழைய நிலக்கரிக் குழிகளைச் சமன்செய்யலாமா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வீட்டோடு ஒரு புல்வெளியையும் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், அதிலுள்ள குழிகளைச் சமன்செய்து வேலி போடலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த இடம் அரசுப் பட்டியலில் உள்ள தொல்சின்னம் என்று பத்திரத்தோடு வந்த குறிப்பு சொல்கிறதாம்.

முன் இசைவு பெறாமல் இரண்டையும் செய்யக் கூடாது. 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி, அந்த எல்லைக்குள் மண்ணைத் தோண்டுவதும் கொட்டுவதும் குற்றமாகும். குறிப்பைப் படித்துவிட்ட உங்களால் இனித் தெரியாது என்று சொல்லவும் முடியாது. இசைவு தருபவர் துறை அமைச்சர். விண்ணப்பத்தை, பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பிடம் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. உள்ளாட்சி மன்றத்தின் கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது.

நடுவில் பள்ளமும் சுற்றிலும் வளையமாக மண்மேடும் என்று நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அவை 'பெல் பிட்' எனப்படும் ஆழமில்லாத பழைய சுரங்கங்களாக இருக்கலாம். மேலாக ஓடும் நிலக்கரிப் படுகைவரை செங்குத்தாகத் தோண்டி, அடியில் நாற்புறமும் கரியை வெட்டியெடுத்து, கூரை சரியும் என்று தோன்றியதும் அதைக் கைவிட்டு, சற்றுத் தள்ளி அடுத்த குழியை வெட்டுவார்கள். வாயைச் சுற்றிக் கொட்டிய கழிவுதான் அந்த வளையம், உள்ளே நிரப்பிய மண் அமிழ்ந்ததால் வந்ததுதான் அந்தப் பள்ளம். குழிக்கு அருகே வட்டமான சமதரை தென்பட்டால், குதிரை சுற்றிவந்து கூடையை மேலேற்றிய இடமாக அது இருக்கக்கூடும். யார், எப்போது வெட்டினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், மேட்டைச் சமன்செய்தால் அதன் வரலாறே அழிந்துவிடும்.

ஆடு மேய்ப்பதைத் தாராளமாகத் தொடரலாம். மேய்ச்சல் புதரை அடக்கி வைப்பதால் நல்லதும்கூட. ஈரமான குளிர்காலத்தில் மட்டும் தீவனத் தொட்டியை மேடுகளின் மேல் வைக்காதீர்கள், குளம்புகள் மண்ணைக் கிளறிவிடும். வழக்கமான வேளாண் பணிகளுக்கு, அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 1994ஆம் ஆண்டின் ஆணை பொது இசைவு தந்தாலும், புதிய வேலியும் மரநடவும் வடிகாலும் அதில் அடங்கா. உலோகங்காட்டிக் கருவியுடன் தேடுவதற்கும் தனி அனுமதி வேண்டும்.

பள்ளம் திடீரென இறங்கினாலோ புதிய துளை தெரிந்தாலோ நீங்களே மண் போட்டு மூட முயலாமல், யாரையும் அருகில் விடாமல், முன்பு நிலக்கரி ஆணையம் என்றிருந்த சுரங்கச் சீரமைப்பு ஆணையத்திற்கு உடனே தெரிவியுங்கள்.

வேலியைப் பொறுத்தவரை, தேசியப் பாரம்பரியப் பட்டியலின் இணைய வரைபடத்தில் தொல்சின்னத்தின் எல்லைக்கோட்டை முதலில் பாருங்கள். கம்பங்களை அந்தக் கோட்டுக்கு வெளியே நகர்த்த முடிந்தால் இந்த இசைவே தேவைப்படாது.