அலையின் முதுகு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நானும் கணவரும் எங்கள் ஒன்பது மீட்டர் பாய்மரப் படகில் கரையோரமாக 40 கடல் மைல் பயணம் கிளம்பினோம். காலையில் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகக் காற்று, அருமையான ஓட்டம். மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. பாயைச் சுருக்கிவிடலாம் என்றேன். “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்றார். காற்று 28 நாட் வேகத்தைத் தொட்டபோது படகு ஒரு பக்கமாகப் படுத்தேவிட்டது. நான் விழுந்து தோளில் நல்ல அடி. அப்புறம்தான் சுருக்கினார். பக்கத்தில் ஒரு சின்னத் துறைமுகம். வாசல் கண்ணுக்குத் தெரிந்தது, அங்கே அலைகூட அவ்வளவாக இல்லை. உள்ளே போய்விடலாம் என்று கெஞ்சினேன். ஒரு வார்த்தை பேசாமல் ஆழக் கடல் பக்கம் திருப்பினார். அங்கே படகை நிறுத்திப் போட்டு ஆறு மணி நேரம் கிடந்தோம். பத்திரமாக வந்து சேர்ந்தோம்தான். ஆனாலும் மனக்கசப்பு போகவில்லை. யார் செய்தது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தோள்வலி இன்னும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாய் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. துறைமுக விஷயத்தில் அவர் செய்தது சரி.

18 நாட் 28 ஆனால் பத்துதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பாயை அழுத்தும் விசை காற்று வேகத்தின் வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. காற்றின் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5இலிருந்து 7க்குப் போய்விட்டீர்கள். இரண்டே பேர் இருக்கும் படகில் ஒருவர் சுக்கானில், ஒருவர் பாய்மரத்தடியில். உதவிக்கு மூன்றாவது கை கிடையாது.

ஒருமுறை நானும் இப்படித் தாமதித்தேன். மனைவி படகைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்து வளையத்தைக் கொக்கியில் மாட்ட வேண்டும், இரண்டு விரல்கடைதான் பாக்கி. படகின் முன்பக்கம் அலையில் இறங்கும்போதெல்லாம் பாய் படபடவென்று அடித்து வளையத்தைப் பிடுங்கிக்கொண்டது. துணி பலகை மாதிரி விறைத்திருந்தது, நகக்கண்ணில் ரத்தம். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து எங்கள் படகில் ஒரே சட்டம்: யார் முதலில் “சுருக்கு” என்றாலும் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. வீணாகச் சுருக்கினால் கொஞ்சம் வேகம் போகும், அவ்வளவுதான். வேண்டுமென்றால் திரும்ப விரித்துக்கொள்ளலாம்.

இனி துறைமுகம். வாசலில் அலை அவ்வளவாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடலிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நீங்கள் பார்த்தது அலையின் முதுகை. அது உடைந்து விழும் முகம் கரையைப் பார்த்து இருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஆழத்திலிருந்து வரும் அலை தரை மேடான இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, குறுகி, உயர்ந்து உடையும். கடல்மட்டம் இறங்கி, வற்றும் நீர் வாசல் வழியாக வெளியே ஓடும் நேரமாக இருந்தால் இன்னும் செங்குத்தாக எழும். அந்த இடத்தில் பின்னாலிருந்து ஓர் அலை தூக்கினால் சுக்கான் பிடி கொடுக்காது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். கெட்ட வானிலையில் பல படகுகள் நடுக்கடலைத் தாண்டிவிட்டு வாசலில்தான் கவிழ்ந்து அழிகின்றன.

கடலில் படகை நிறுத்திப் போடுவது இப்படித்தான்: முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, படகு காற்று வரும் பக்கம் திரும்பும்படி சுக்கானையும் கட்டிவிட்டால், ஒன்று தள்ள மற்றது திருப்ப, படகு ஏறக்குறைய நின்றுவிடும். மெல்ல நகரும், அதற்குத்தான் காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கம் போதிய கடல் வேண்டும். உங்கள் கணவர் வெளியே போனது அதற்காகத்தான் இருக்கும். அந்த ஆறு மணி நேரத்தில் கொஞ்சமாவது தூங்கினீர்களா, சூடாக ஏதாவது குடித்தீர்களா என்று அறிய ஆசை. படகைவிட மனிதர்கள்தான் முதலில் ஓய்ந்துபோகிறார்கள். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தின்போது அடித்த புயலில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமலே மிதந்துகொண்டிருந்தன.

ஆனால் ஒன்றில் உங்கள் கணவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. “வாசலில் உடைகிறது, வேண்டாம்” என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? கடலில் பயப்படுகிறவருக்குக் காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தெரியாவிட்டால் அலையோடு தனியாகத்தான் இருக்க வேண்டும். அவரும் அன்று பயந்திருப்பார். பயந்தால் வாய் மூடிக்கொள்ளும் ஆட்களில் நானும் ஒருவனாக இருந்தேன், அதை மாற்றிக்கொள்ளப் பல வருடம் பிடித்தது. இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பலத்த காற்று அடிக்கும் நாளில் இருவரும் தரைவழியாக அந்தத் துறைமுகத்துக்குப் போங்கள். அலைத்தடுப்புச் சுவர் மேலே ஏறாமல், உயரமாக எட்ட ஓரிடத்தில் நின்று வாசலைப் பாருங்கள். நீர் வற்றும் நேரமாக இருந்தால் நல்லது. அன்று என்ன நினைத்துப் படகைத் திருப்பினார் என்று அங்கே வைத்து அவரைக் கேளுங்கள்.

அன்புடன்.