கொங்கு ஊர்ச் சாயலில் ஆடும் ஆர்பிஜியில் பூசாரி கேரக்டருக்குச் சண்டை இல்லாத நாளில் என்ன வேலை கொடுப்பது?

கேள்வியின் சுருக்கம்: கொங்கு நாட்டுச் சாயலில் ஒரு கற்பனை உலகம் அமைத்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறார்கள். கிளரிக் (சாமி அருளால் மந்திரம் போடும் பூசாரி கேரக்டர்) எடுத்தவர் சண்டையில் காயம் ஆற்றுவதோடு சரி. கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டால் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு அன்றாடம் என்ன வேலை கொடுக்கலாம்?

ஊரில் பூசாரியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சம்மதம் கேட்டுத்தான் வருகிறார்கள். கிணறு வெட்டலாமா, இந்த இடத்தில் பெண் எடுக்கலாமா, இந்த வருசம் நோம்பி (ஊர்த் திருவிழா) சாட்டலாமா என்று சாமியிடம் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதோடு கோயில் சாவி அவர் கையில், விளக்கு எண்ணெய்க் கணக்கு அவர் கையில், நாள் கணக்கும் அவர் கையில். உங்கள் கிளரிக்கிடம் இந்த நான்கில் இரண்டைக் கொடுத்தாலே போதும், வேலை அவரைத் தேடி வரும். கீழே வரும் விதிகள் 2014இல் வெளியான டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பை வைத்துச் சொல்பவை.

எல்லாச் சாமி காரியத்தையும் ஒரே தலையில் கட்டாதீர்கள். கொங்கு ஊர்களில் அது பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. பெரிய சிவன் கோயிலில் குருக்கள். ஊர் மாரியம்மன், காளியம்மன் கோயிலில் பூசாரி, பல இடங்களில் பண்டாரம். கொங்கு வேளாளர் கல்யாணத்தைச் சீர் சீராக நடத்தித் தருவது அருமைக்காரர், அவர் பெண்டு பிள்ளையோடு பண்ணையம் பார்க்கும் மனுசர். அங்கே மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்து இரவு முழுக்கப் பாடுகிறவர் வேறு ஆள். நேர்த்திக்கடனுக்கு மண்ணில் உருவாரம் (பொம்மை) செய்து தருவது குயவர். ஆகவே கிளரிக் என்றால் கருவறைக்குள் நிற்கிறவர் என்று இல்லை. அருமைக்காரரைக் கிளரிக் ஆக்கலாம், உடுக்கைக்காரரை பார்ட் (பாட்டுக்காரர் கேரக்டர்) ஆக்கலாம். இப்படிச் செய்தால் கோயில் காட்சி வரும்போது மேசையில் இரண்டு மூன்று பேருக்கு வேலை இருக்கும். (செரிமனி என்ற சடங்கு ஸ்பெல்லில், அதாவது மந்திரத்தில், கல்யாணம் செய்தால் தம்பதி 30 அடிக்குள் சேர்ந்து நிற்கும் வரை ஏழு நாளைக்கு ஏசி (அடி படாமல் காக்கும் எண்) இரண்டு கூடும். மறுமுறை வேண்டுமென்றால் துணை இறந்திருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு குகை வாசலிலும் மாலை மாற்றிக்கொள்வார்கள்.)

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். எந்த நிறம் வந்தால் சம்மதம் என்று முன்னாலேயே பேசிக்கொண்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இதை மேசையில் நிஜமாகவே செய்யுங்கள். வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் போதும், பூ கிடைக்காவிட்டால் இரண்டு நிறப் பாசிமணி. ஒரே அளவுக் காகிதம், ஒரே மாதிரி மடிப்பு. எடுப்பது கிளரிக் ஆடுகிறவராக இருக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

விதிப்படி இது ஆகரி என்ற குறி கேட்கும் ஸ்பெல். அடுத்த அரை மணி நேரத்துக்குள் செய்யப்போகும் காரியத்துக்குத்தான் பதில் வரும். ரிச்சுவலாக (சடங்காக நிதானமாக) செய்தால் ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை ஸ்பெல்தான் என்ற கணக்கு) செலவில்லை, பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். நீண்ட ஓய்வு எடுக்கும் முன் மறுபடி மறுபடி கேட்டால், முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம் கூடிக்கொண்டே போகும் அளவுக்குச் சம்பந்தமில்லாத பதில் வர வாய்ப்பு உண்டு. அதை, கதையை நடத்தும் கேம் மாஸ்டர் மறைவாகப் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். அந்த அரை மணி வரம்பு ஊர்க் காரியத்துக்குக் குறுக்கே நிற்கும். கோயிலுக்குள் கேட்டால் அடுத்த அமாவாசை வரை செல்லும் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பொட்டலத்துக்கு ஒரு நிறமாக வைத்துவிட்டால் அது வெறும் காசு சுண்டுவதுதான், சாமிக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். உங்கள் உலகத்தில் சாமிக்கு நிஜமாகவே பதில் தெரியுமென்றால், கேம் மாஸ்டர் இரண்டிலும் ஒரே நிறத்தைக் கட்டி வைக்க வேண்டும். எதை எடுத்தாலும் சாமி சொன்னதுதான் வரும். இதே உபாயம் கேரக்டருக்கும் தெரியும் என்பதுதான் சுவாரசியம். "ஏனுங்க பூசாரி, அந்தக் காடு எங்களுக்கே வர்ற மாதிரி அம்மன் சொன்னா, கோபுரத்துக்கு வெள்ளை அடிக்கற செலவு நம்மளுதுங்க" என்று நிலத் தகராறில் ஒரு ஆள் வந்து நிற்கட்டும். பூசாரி இரண்டிலும் வெள்ளையைக் கட்டலாம். குழந்தை எடுத்தது போக மிச்சப் பொட்டலத்தை எதிர்த்தரப்பு பிரிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வார். கை வித்தைக்கு ஒரு உருட்டு, மிச்சப் பொட்டலத்தை விளக்கில் போடும் சாக்குக்கு ஒரு உருட்டு. வாளே எடுக்காமல் ஒரு செஷன் ஓடிவிடும்.

கதைக் கருவுக்கு இன்னொன்று காங்கேயம் பக்கம் சிவன்மலையில் இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்பார்கள். பக்தர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்ல, அவர் கோயிலில் வந்து சொல்ல, பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால்தான் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும் வரை அதுதான் இருக்கும். பெட்டியில் இருப்பது ஊர் உலகத்தில் ஏதோ ஒரு விதத்தில் எதிரொலிக்கும் என்பது நம்பிக்கை. உங்கள் உலகத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்கட்டும். உப்பு வைத்தால் வியாபாரி பதுக்குவான். விலங்குச் சங்கிலி வைத்தால் ஜமீன்தாருக்குத் தூக்கம் போகும். கனவு கண்டேன் என்று வருகிறவரில் யார் பொய் என்று பார்ப்பது கிளரிக்கின் வேலை.

அடுத்து நோம்பி. இங்கே நாள் கணக்குதான் ஆயுதம். ஊருக்கு ஊர் மாறும். விளையாட்டுக்குப் பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பூச்சாட்டு. எட்டாம் நாள் கம்பம் நடுதல்: மூன்று கிளையாகப் பிரியும் மரத்தை வெட்டி வந்து மாரியம்மன் முன் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, இரவில் அதைச் சுற்றி ஆடுவார்கள். பதினான்காம் நாள் பூவோடு (தீச்சட்டி) எடுப்பது. பதினைந்தாம் நாள் மாவிளக்கும் பொங்கலும், பிறகு கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டு மஞ்சள் நீராட்டு. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது, கவுச்சி ஆகாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோட்டைக்கு இரண்டு நாள் நடை. கிளரிக் கையில் காப்பு இருக்கிறது. இப்போது கூட்டம் என்ன செய்யும்? பகலிலேயே போய்த் திரும்பும் அளவுக்குச் சின்ன வேலையாக நான்கைந்து கொடுத்துப் பாருங்கள், எல்லாரும் பொழுதை எண்ண ஆரம்பிப்பார்கள்.

நோம்பி குண்டத்தில் (தீ மிதிப்பதில்) முடிகிற ஊர்களும் உண்டு. பண்ணாரியில் பங்குனியில் நடப்பது தெரிந்ததுதான்: தலைமைப் பூசாரி முதலில் இறங்கி வழி விட, பின்னால் சனம் இறங்கும், கடைசியில் மாடு கன்றையும் ஓட்டி வருவார்கள். குண்டத்துக்கு நெருப்புச் சேதம் என்று மொத்தமாக உருட்டினால் காட்சி கெட்டுவிடும். காப்புக் கட்டிய நாளிலிருந்து எத்தனை விதியை மீறினார் என்று கேம் மாஸ்டர் ரகசியமாகக் குறித்து வைத்துக்கொண்டு, மீறல் ஒன்றுக்கு ஒரு நான்கு முகப் பகடை உருட்டினால் போதும். மீறாதவருக்கு உருட்டலே இல்லை. உடம்பில் குறைவது சில புள்ளிதான். பூசாரி காலில் கொப்புளத்தை ஊரே பார்ப்பதுதான் பெரிய அடி.

காயம் ஆற்றும் ஸ்பெல்லை ஊருக்குள் கொண்டுவந்தால் உடனே ஒரு கேள்வி வரும்: அவர்தான் குணமாக்குவாரே, ஊரில் எப்படி நோயாளி இருக்கிறார்கள்? பதில் ஸ்லாட் கணக்கில் இருக்கிறது. முதல் நிலைக் கிளரிக்குக்கு ஒரு நாளைக்கு இரண்டே ஸ்லாட். மூன்றாம் நிலையில் முதல் படி ஸ்பெல்லுக்கு நான்கு, இரண்டாம் படி ஸ்பெல்லுக்கு இரண்டு. நோயைத் தீர்க்கும் லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் இரண்டாம் படி. முப்பது வீட்டில் காய்ச்சல் என்றால் நாளைக்கு இரண்டு பேர். யார் முதலில் என்பது விடிகாலையில் கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. ஊரில் தங்கும் நாளில் ஒரு ஸ்லாட் ஊருக்கு, பதிலாகச் சோறும் படுக்கையும் சேதியும் என்று முறை வைத்துவிடுங்கள்.

அம்மை வந்தால் கணக்கே வேறு. வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று நினைக்கும் ஊரில், ஸ்பெல் போட்டு ஒரு நொடியில் விரட்டுவது அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக ஆகிவிடும். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை, ஒறம்பரை (உறவினர்) வரக் கூடாது, வீட்டார் வெளியே போகக் கூடாது, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வழியனுப்புதல். நோய் பரவாமல் தடுக்கும் வேலையும் இதிலேயே நடந்துவிடுகிறது. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தினமும் போய் வருவதும், உள்ளே அடைந்திருப்பவர்களுக்குக் கட்டுத்தரையில் (மாடு கட்டும் இடத்தில்) பால் கறந்து கொடுக்க ஆள் பார்ப்பதும் கிளரிக்கின் வேலை.

சாவுச் சடங்குக்கு ஒரு கணக்கு. செரிமனி ஸ்பெல்லில் ஈமச் சடங்கு செய்தால் ஏழு நாளைக்கு அந்த உடல் பேயாக எழாது. செலவு 25 பொன் காசு மதிப்புள்ள வெள்ளிப் பொடி, அது கரைந்துபோகும். விதிப்படி கூலியாளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளிக் காசு. பத்து வெள்ளி ஒரு பொன். ஆக 125 நாள் கூலி. பிணம் எழும் உலகத்தில் ஏழை வீட்டுச் சாவுக்கு யார் வெள்ளி கொடுப்பது? கோயில் நிதி கொடுக்கும் என்றால் அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்பதையும் வைத்தாக வேண்டும்.

அதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு (அணையா விளக்குக்கு) 96 ஆடு, சில இடங்களில் 90. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருப்பார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையாமல் ஈடு செய்வது இடையர் பொறுப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் கடன் கொடுத்த காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது எட்டில் ஒரு பங்கு. திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையே (மருத்துவமனையே) நடந்திருக்கிறது. உங்கள் கோயிலில் மூன்று விளக்கு என்றால் 288 ஆடு. கோமாரியில் நாற்பது செத்துப்போனது என்கிறார் இடையர்; நிஜமாகவே நோயா, ஓநாயா, திருட்டா என்று யார் போய்ப் பார்ப்பது? விளக்கு அணைந்த இரவில் எது உள்ளே வரும் என்பதை கேம் மாஸ்டர் எழுதிக்கொள்ளட்டும்.

சின்னச் சின்னதாக மூன்று. நேச்சர் டொமைன் (இயற்கைச் சாமியின்) கிளரிக்குக்கு ஐந்தாம் நிலையில் பிளான்ட் குரோத் ஸ்பெல் வரும்; எட்டு மணி நேரம் ஓதினால் அரை மைல் ஆரத்துக்கு ஓராண்டு விளைச்சல் இரட்டிப்பு. அது சுமார் 500 ஏக்கர். வட்டத்தின் நடுப்புள்ளியைத் தலைமடையில் வைப்பதா கடைமடையில் வைப்பதா என்று வாய்க்கால் ஊரில் வெட்டுக்குத்தே நடக்கும். இரண்டாவது, உணவும் நீரும் சுத்தம் செய்யும் ஸ்பெல்லின் ஆரம் ஐந்தடிதான். அன்னதானக் குண்டாவுக்குப் போதும்; தோட்டத்துக் கிணறு முழுக்கக் கெட்டிருந்தால் மேலாகச் சுத்தம் செய்த தண்ணீரில் கீழ்த்தண்ணீர் திரும்பக் கலந்துவிடும். மூன்றாவது, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் இடத்தில் ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற ஸ்பெல். பத்து நிமிடம், பதினைந்தடி ஆரம். தடுப்பு உருட்டில் தோற்றவர் பொய் சொல்ல முடியாதே தவிர வாய் திறக்காமல் இருக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு சன்னிதிக்கு வந்தால்தான் செல்லும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் துப்பறியும் கதை எதுவும் உங்கள் மேசையில் பிழைக்காது.

நேரத்தை அளந்து கொடுங்கள். செஷன் தொடக்கத்தில் பத்து நிமிடம் கோயில் வாசல்: மூன்று பேர் குறையோடு வருவார்கள், கிளரிக் ஒன்றை எடுத்துக்கொள்வார், விட்ட இரண்டும் அடுத்த முறை பெரிதாகி வரும். வருகிறவர்களை மற்ற ஆட்டக்காரர்கள் நடிக்கட்டும். அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். நோம்பி நாளில் மற்றவர்களுக்கு வெளியில் ஏதாவது வையுங்கள். அந்தியூர் குருநாத சுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை போல ஒன்று இருந்தால், ஃபைட்டர் (போர்வீரர் கேரக்டர்) குதிரையின் சுழி பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்ற சண்டை நல்ல கதைக் கரு. ஆனால் நிஜச் சாதி வரிசையை அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை உங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். கேம்பெயின் (தொடர் ஆட்டம்) தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் மரியாதைச் சண்டையைக் கற்பனைக் குலங்களுக்குள்ளோ, மேற்குத் தெரு கிழக்குத் தெருவுக்குள்ளோ வைத்துக்கொள்ளலாம்.