ஓய்வுபெற்ற படைவீரரும் பி.டி.எஸ்.டி.யும்: கேள்வி பதில்

பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு, பற்றி முன்னாள் படைவீரர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர், படைப்பிரிவு முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் கணவர் கார்கில் போரில் இருந்தவர்; ஹவில்தாராக ஓய்வுபெற்றார். தீபாவளியன்று அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். தூக்கத்தில் அலறுகிறார். ஒருமுறை தட்டி எழுப்பப் போன என் கழுத்தைப் பிடித்துவிட்டு, விழித்ததும் அழுதார். கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்களைத் தாக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. சிறு ஓசைக்கும் பாய்ந்தெழப் பழகிய உடல், ஆபத்து நீங்கிவிட்டது என்பதை இன்னும் ஏற்கவில்லை. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருதல், அதை நினைவூட்டும் யாவற்றையும் தவிர்த்தல், மனம் மரத்துப்போதல், எப்போதும் விழிப்பாகவே இருத்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அதைப் பி.டி.எஸ்.டி. என்கிறோம். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்று அழைக்கப்பட்ட இத்துன்பம், வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் விடாது வற்புறுத்திய பிறகு, 1980-இல்தான் இப்பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது. நேரில் பார்த்த மருத்துவரே உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை அந்தத் திசையையே காட்டுகின்றன. இனி அவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டு, கட்டிலிலிருந்து தள்ளி நின்று, பெயரையோ வழக்கமாக அழைக்கும் முறையையோ சொல்லி, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். கனவில் என்ன வந்தது என்று அப்போதே கேட்க வேண்டாம். கோடாங்கியைப் பற்றி நான் சண்டையிட மாட்டேன். ஆனால் மருத்துவரைப் பார்ப்பது அதற்காகத் தள்ளிப்போகக் கூடாது.

கேள்வி: அப்பா 1987-இல் இலங்கை சென்ற அமைதிப்படையில் இருந்தார். "நம்ம பாஷை பேசுற சனத்துக்கு முன்னால துப்பாக்கியோட நின்னேன்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. வேலையில் இருந்தவரை நன்றாக இருந்தவர், எல்லா வேலையையும் விட்ட பிறகு கேன்டீன் ரம் இல்லாமல் தூங்குவதில்லை. இவ்வளவு காலம் கழித்தும் வருமா? பாட்டிலை ஒளித்து வைக்கலாமா?

பதில்: வரும், தம்பி. காலையில் எழ வேண்டிய நேரமும் செய்ய வேண்டிய கடமையும் இருந்தவரை நினைவுகளுக்கு இடமில்லாதிருந்தது. பணி ஓய்வும், உடன் இருந்தவர்களின் மறைவும், உடல்தளர்ச்சியும் சேர்ந்து அந்த இடத்தைத் திறந்துவிடுகின்றன. உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அச்சத்தைவிடக் குற்றவுணர்வே மிகுதியாக எனக்குக் கேட்கிறது. தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாததைச் செய்தோம், அல்லது தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற எண்ணத்தால் உண்டாகும் இக்காயம் பி.டி.எஸ்.டி.யோடு சேர்ந்தே வரலாம். "உத்தரவுக்குத்தானே கீழ்ப்படிந்தீர்கள்" என்று சமாதானம் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கேட்கும் ஒருவரே அவருக்குத் தேவை.

குடியைப் பொறுத்தவரை, பாட்டிலை ஒளிக்காதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், சில நாள்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான சித்தப்பிரமையும் வரக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ரம் தூக்கத்தை விரைவில் வரவழைத்தாலும், பின்னிரவில் அதையே குலைத்துக் கனவுகளைப் பெருக்குகிறது என்பதை அவரிடம் சொல்லலாம். குடியை முழுதும் விட்ட பிறகுதான் மற்றச் சிகிச்சை என்று காத்திருக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்யலாம்.

கேள்வி: நானே நோயாளி. மறக்க நினைப்பதை உட்கார்ந்து சொல்லச் சொல்கிறார்கள். மாத்திரை மட்டும் போதாதா?

பதில்: ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் இந்நோயை வளர்ப்பதே தவிர்ப்புதான். பேருந்து நிலையக் கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடும் ஒவ்வொரு முறையும், திரும்பியதால்தான் பிழைத்தோம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த முறையில், அந்நிகழ்வை இப்போது நடப்பதுபோல் மருத்துவர் முன்னிலையில் பலமுறை சொல்லி, அதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்டு, தவிர்த்த இடங்களுக்கும் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வீதம் 8 முதல் 15 அமர்வுகள் வரை ஆகும். முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். அப்போது விட்டுவிடுபவர்களும் உண்டு. விவரித்துச் சொல்ல இயலாதவர்களுக்கு, உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய 12 அமர்வு முறை உண்டு. "நான் முன்னால் போயிருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்" என்பது போன்று மனத்தில் உறைந்த முடிவுகளை எழுதிவைத்து ஆராய்வதே அதன் மையம். நடந்ததை முழுதும் சொல்ல வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. டையஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்கு ஏற்றவை அல்ல என்று அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் துறையும் 2023-இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. ஏற்கெனவே அவற்றை எடுத்துவருபவர்கள் மருத்துவர் சொற்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

கேள்வி: செலவு எப்படி? பென்ஷனுக்குக் குந்தகம் வருமா?

பதில்: சிகிச்சை பெறுவதால் பணி ஓய்வூதியம் குறையாது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 முதல் இயங்கும் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.-இல் உறுப்பினராயின் உங்கள் பாலிகிளினிக்கில் தொடங்கி, மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: அண்ணன் வங்கியில் கன்மேன். உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. "இருந்து என்ன பயன்" என்று அடிக்கடி சொல்கிறார். கேட்கப் பயமாக இருக்கிறது.

பதில்: இன்றே கேளுங்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; மனத்தில் இருப்பதைச் சொல்ல வழிதான் பிறக்கும். அந்த எண்ணம் தோன்றும் வேகத்துக்கும் கைக்கெட்டும் ஆயுதத்துக்கும் நடுவே இருக்கும் தொலைவே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே துப்பாக்கியும் தோட்டாவும் வீட்டில் இருக்கக் கூடாது. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்றவர்கள் பலர் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதை அவர் அறிந்திருப்பார். அதுபோல இப்போதும் அங்கேயோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க அவரையே உடன்படச் செய்யுங்கள். பிடுங்கினால் அவமானப்படுவார்; உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் பேசினால் பெரும்பாலும் கேட்பார். "ஆம்" என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றிரவே அழைத்துச் செல்லுங்கள்.