டொக்கு வைத்தது என் தப்பா?

கேள்வி: எங்கள் ஊர் டீமில் நான்தான் ஓப்பனிங். போன ஞாயிறு திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயில் 8 ஓவர் டென்னிஸ் பால் மேட்ச், 76 அடிக்க வேண்டும். கடைசி வரை அவுட் ஆகாமல், பந்தைத் தடுத்துத் தடுத்தே 24 பந்தில் 19 எடுத்தேன். தோற்றுவிட்டோம். கண்டபடி சுற்றி அவுட் ஆனவர்களை விட்டுவிட்டு, 'டொக்கு வச்சே கவுத்துட்டான்' என்று என்னைத் திட்டுகிறார்கள். நியாயமா அண்ணே?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். நியாயம்தான்.

8 ஓவர் என்றால் 48 பந்து. அதில் பாதியை நீங்கள் ஆடி 19 எடுத்துவிட்டால், மிச்சம் 24 பந்தில் மற்றவர்கள் 57 அடிக்க வேண்டும், ஓவருக்குப் பதினான்குக்கு மேல். அப்புறம் அவன் சுற்றாமல் என்ன செய்வான்? நீங்கள் கட்டை போட்ட பந்துக்கெல்லாம் எதிர்முனையில் நின்றவன் விக்கெட்டைக் கொடுத்திருக்கிறான். ஸ்கோர் நோட்டில் அது அவன் பேரில் இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 அடிக்க, நம்ம கவாஸ்கர் கடைசி வரை நின்று 174 பந்தில் 36. அவுட்டே ஆகவில்லை, இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் 2021 சிட்னி டெஸ்டில் விஹாரி 161 பந்தில் 23 எடுத்தாரே, கூடவே நம்ம அஸ்வின் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு நின்றாரே, அதைக் கும்பிடலாம், ஏனென்றால் அங்கே அவுட் ஆகாமல் நின்றாலே தோல்வி இல்லை, டிரா என்று ஒன்று இருந்தது. கண்மாயில் ஏது டிரா?

நானும் ஒரு காலத்தில் வைகை மணலில் டொக்கு வைத்தவன்தான். அவுட் ஆகிவிடுவோமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. காய்ந்த கண்மாய்த் தரையில் டென்னிஸ் பால் நின்று நின்று வரும், ஓங்கினால் மட்டைக்கு முன்னாலேயே எழும்பி ஏமாற்றும், அதனால் சிக்ஸர் வராவிட்டால் பரவாயில்லை. ஆனால் கரைப்பக்கம் நிற்கிற ஆள் பந்தை எடுக்கவே நாலு எட்டு வைக்க வேண்டும், அந்தப் பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினால் சிங்கிள். அதைக்கூட நீங்கள் ஓடியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மேட்சில் முதல் ஐந்து பந்து உங்கள் இஷ்டம். ஆறாவது பந்திலிருந்து தட்டி ஓடுங்கள், முடியவில்லையா, கண்ணை மூடிச் சுற்றுங்கள். அவுட் ஆனால் ஆகட்டும், வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்கள். 48 பந்துக்குப் பத்து விக்கெட் இருக்கிறது தம்பி, உங்களுடையது ஒன்று போனால் குடி முழுகிவிடாது.