‘மப்பா இருந்துச்சு’ என்றால் குடித்திருந்தான் என்று எழுதிவிடலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் தம்பி விடிகாலையில் பைக்கில் போனபோது, விளக்குப் போடாமல் சாலையில் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோதிக் கால் எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைக்கு வந்த காவலரிடம் ‘மப்பா இருந்துச்சுங்க, லாரி தெரியல’ என்று மேகம் மூடிய வானத்தைத்தான் சொன்னான். அவரோ மலையாளத்தில் ‘மத்யபிச்சிருன்னு’ (குடித்திருந்தான்) என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இனி இழப்பீடு கிடைக்காது என்றும், பணம் கொடுத்தால் அந்த வரியை மாற்றித் தருவதாகவும் ஒருவர் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். என்ன செய்வது?”

முதல் வேலையாக அந்த ஆளைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரியால் இழப்பீடு போய்விடாது. வழக்கு நாட்குறிப்போடு சேர்ந்துவிட்ட தாளை அவரால் மாற்றவும் முடியாது. மாற்றினால் அது வேறொரு குற்றம், அதில் உங்கள் தம்பியின் பெயரும் வரும்.

காவலர் விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவின் கீழ் வருவது. அதில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று அடுத்த பிரிவே சொல்கிறது. குற்ற வழக்கில் அது தனியாக நின்று எதையும் மெய்ப்பிக்கும் சான்று ஆகாது. ஆனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் காவல்துறைத் தாள்களைத்தான் முதலில் புரட்டுவார் என்பதால், அந்த வரியைக் கண்டும் காணாமல் விட்டுவிடவும் கூடாது.

போதையைக் குறிக்கும் வழக்குச் சொற்கள் எல்லைப் பகுதியில் ஆளைக் கவிழ்ப்பது இது முதல் முறையன்று. நம் பக்கத்தில் மப்பும் மந்தாரமுமாக இருப்பது வானம். தமிழ்ச் சினிமா பார்த்துத் தமிழ் பழகிய காவலருக்கு மப்பு என்றால் ஒரே பொருள்தான். ‘ஆள் ஃபிட்டாகத்தான் இருந்தான்’ என்று தேநீர்க் கடைக்காரர் யாரும் உங்கள் தம்பிக்குப் பரிந்து சாட்சி சொல்லாதது உங்கள் நல்ல காலம், ஏனெனில் மலையாளப் பேச்சில் ‘ஃபிட்’ என்றாலும் ‘பூஸ்’ என்றாலும் குடித்திருப்பவன், ‘பாம்பு’ என்றால் தரையோடு கிடப்பவன். ‘வெள்ளத்திலாணு’ என்பது நம்முடைய ‘தண்ணியில இருக்கான்’. அதை வெள்ளப்பெருக்கு என்று நினைத்துத் தலையாட்டினால் முடிந்தது கதை. ‘வாளு வெச்சு’ என்றால் வாந்தி எடுத்தான் என்று பொருள், அரிவாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவற்றைவிட ஆபத்தான சொல் ‘சாராயம்’. நம் ஆட்கள் எந்த மதுவையும் சாராயம் என்றும், அரசு மதுக்கடையையே சாராயக்கடை என்றும் பேச்சில் சொல்லிவிடுவார்கள். கேரளத்தில் சாராயம் 1996 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால், அங்குள்ள காவல் நிலையத்தில் ‘சாராயம் குடிச்சேன்’ என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி எங்கே காய்ச்சியது என்பதாகத்தான் இருக்கும். கள்ளுக்கு இது தலைகீழ். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் உரிமம் பெற்ற கடையில் உட்கார்ந்து குடிக்கலாம்; எல்லையோரக் கோபாலபுரத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் கள் இறக்குவதே 1987-இலிருந்து தடை. ஆகவே காவலரிடமும் மருத்துவரிடமும் பேசும்போது வழக்குச் சொல் எதுவும் வேண்டாம். ‘மது அருந்தவில்லை’, ‘மேகமூட்டமாக இருந்தது’ என்று பள்ளிக்கூடத் தமிழில் சொல்லுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது உங்கள் தம்பி செய்யவேண்டியது, தான் உண்மையில் சொன்னது என்ன, அதன் பொருள் என்ன என்பதைத் தமிழில் ஒரு மனுவாக எழுதி, நிலைய அதிகாரிக்கும் பாலக்காடு மாவட்டக் காவல் தலைவருக்கும் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துவது. மலையாளத்தில்தான் எழுதவேண்டும் என்று யாரேனும் திருப்பி அனுப்பினால், கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இன்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று சொல்லுங்கள். சித்தூர் வட்டம் அப்படிப்பட்ட பகுதி. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்த உரிமையை, இன்றும் மனுதாரர்தான் அலுவலகத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் ஊர்களுக்கு நடுவே உள்ள நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரை வைப்பது அரசுக்கு அத்தனை பெரிய காரியமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்து, மருத்துவமனையில் காயச் சான்றின் நகலை வாங்கிப் பாருங்கள். அதில் மது வாடை பற்றி ஒன்றுமில்லை, ஊதிப் பார்த்த சீட்டும் இரத்தப் பரிசோதனையும் இல்லை என்றால், காவலரின் வரி அந்தரத்தில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றமாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால்தான். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு எல்லாம் மருத்துவர் குறிப்பில் இருந்தும், இரத்தப் பரிசோதனை இல்லாததால் குடிபோதை என்று உறுதியாக முடிவுகட்ட முடியாது என 1971-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. வெறும் வாடையை வைத்து ஒருவரைப் போதையில் இருந்தார் என்று சொல்ல முடியாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல், பொது இடத்தில் போதையில் இருப்பதைக் குற்றமாக்கும் கேரளக் காவல் சட்டத்தின் 118(அ) பிரிவைப் பற்றிய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது.

ஒரு விலக்கை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்னதெல்லாம் குற்ற வழக்குக்கும், லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடம் தம்பியின் காலுக்குக் கேட்கும் இழப்பீட்டுக்கும். பைக்கின் சேதத்துக்கு உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்கப் போகிறீர்களா? அந்த ஒப்பந்தத்தில் ‘மதுவின் தாக்கத்தில் ஓட்டினால் பணம் இல்லை’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். டெல்லியில் ஒரு சொகுசுக் கார் விபத்துக்குள்ளாகி எரிந்த வழக்கில், ஊதிப் பார்க்கவில்லை, இரத்தம் எடுக்கவில்லை என்றாலும், சூழ்நிலைகளைக் கொண்டே அந்தத் தாக்கத்தை நிறுவனம் நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 30 மில்லிகிராம் கணக்கு இங்கே உங்களைக் காப்பாற்றாது. சொன்னதாக எழுதப்பட்ட ஒரு வார்த்தைகூட இங்கே எடை பெறும். ஆகவே திருத்த மனு காவல் நிலையத்துக்குப் போன பிறகு, அதன் நகலோடு பைக்கின் கோரிக்கைப் படிவத்தைக் கொடுங்கள், முந்திக்கொண்டு கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து பேச்சோடு பேச்சாக ‘அன்னைக்கு லேசா ஏத்திக்கிட்டு இருந்தாரோ?’ என்று கேட்பார். சிரித்து மழுப்பாமல் இல்லை என்று சொல்லுங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ நிரப்பிய தாளைப் படித்துக் காட்டாமல் நீட்டினால், கையெழுத்துப் போடாதீர்கள்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் பாலக்காட்டுத் தீர்ப்பாயத்தில் போடவேண்டும். மருத்துவமனை வாசலில் திரியும் தரகர், கோயம்புத்தூரில் போட்டால் தொகை கூடும், அங்கே ஒரு முகவரி நான் தருகிறேன் என்பார். மனுதாரர் குடியிருக்கும் இடத்தில் மனுச் செய்யலாம் என்று சட்டம் சொல்வது உண்மைதான், ஆனால் அது நீங்கள் உண்மையாகவே குடியிருக்கும் இடம். வாடகைக்கு வாங்கிய முகவரி பிடிபட்டால், நியாயமான கோரிக்கையும் அதோடு சேர்ந்து விழும். வெற்றுத் தாளிலோ நிரப்பாத வக்காலத்திலோ கையெழுத்துக் கேட்பவரை நம்பாதீர்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேச வழக்கறிஞர்களுக்கே இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் இடம் தரவில்லை என்னும்போது, சதவீதம் பேசும் தரகர் எந்தக் கணக்கில் பேசுகிறார்? வசதி இல்லையென்றால் பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்கறிஞர் உதவி கேளுங்கள். வருமானச் சான்றையும் காயச் சான்றின் நகலையும் கையோடு கொண்டு போங்கள்.