பணி ஓய்வுக்குப் பின் தம் ஊருக்காகவே வாழ்ந்தவர் என்று நீங்கள் யாரை நினைவுகூர்வீர்கள்?

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறு பேரூராட்சி எங்கள் ஊர். அங்கே வக்கீல் ஐயா என்றால் அது ஒருவரைத்தான் குறிக்கும். முன்சீப் நீதிமன்றத்தில் நெடுங்காலம் சிவில் வழக்குகளை நடத்திவிட்டு, எழுபது வயதை ஒட்டி அங்கியைக் கழற்றி வைத்தவர், அதன் பின் இறக்கும்வரை கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வழக்கையும் தொடவில்லை. அவர் குடும்பத்தார் விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஊருக்கு உதவினார் என்றால், மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருப்பார் என்றே பலரும் எண்ணுவார்கள். அவர் அதை மட்டும் செய்ய மறுத்தார். குறையோடு வருபவரைக் கிளை நூலகத்து வராந்தாவில் உட்கார வைத்து, தாளையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். ஒரு மனுவில் ஒரே கோரிக்கைதான் இருக்க வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணும் எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பதும் இருக்க வேண்டும், கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகப் படியை விட்டு இறங்கக் கூடாது என்பவை அவர் விடாமல் வலியுறுத்திய விதிகள். எழுதத் தெரியாதவர்களிடம், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தில் வடிக்க உதவ வேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கே உண்டு என்று சொல்லி, அவர்களோடு அலுவலகம் வரை நடந்து வருவார்; உள்ளே பேசுவது மட்டும் அவர்களுடைய வேலை. தகவல் கேட்கும் மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும் என்பதும், ஏன் கேட்கிறாய் என்று எவரும் காரணம் கேட்க முடியாது என்பதும் எங்கள் ஊரில் பூ கட்டும் பெண்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது என்றால், அது அவரால்தான்.

அவருடைய உழைப்பின் முழு அருமையை நாங்கள் உணர்ந்தது 2016-க்குப் பிறகு. அந்த ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் நிர்வாகம் இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கதவைத் தட்டுவதற்கு ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-யு பிரிவு சொல்வதை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டியபோது, அவர் குரலில் இருந்தது கோபத்தைவிட மிகுதியான வருத்தம். கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்காவது கிராம சபை என்ற அவை சட்டத்தில் உண்டு. பேரூராட்சி மக்களான எங்களுக்கு அப்போது அதுவும் இல்லை. ஆகவே மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நூலக வராந்தாவில் தெருவுக்கு இருவராகக் கூடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். தீர்மானம் போடும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்தக் குறை, எப்போது மனு கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதப்பட்டது. செயல் அலுவலர்கள் மாறிக்கொண்டே இருந்த அந்நாள்களில், புதிதாக வந்தவர்களில் சிலர் தாங்களே வந்து அந்த நோட்டை வாங்கிப் படித்தார்கள்.

வடக்குத் தெருக் குளத்தின் விவகாரத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. கரையின் ஒரு பக்கம் வசதியானவர் ஒருவரின் சுற்றுச்சுவரும் மறுபக்கம் சில குடிசைகளும் குளத்துக்குள் இறங்கியிருந்தன. வாய்ச்சண்டையில் இறங்காமல், நிலங்களின் விவரம் பதிந்த அ-பதிவேட்டின் நகலையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் முறைப்படி வாங்கி, அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது நீர்நிலைக்குரிய அரசு நிலம், என்பதை முதலில் உறுதி செய்தார். குளங்கள் சமுதாயத்தின் பொதுவளம், அவற்றை வீட்டுமனையாக்கக் கூடாது என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, வருவாய்த் துறை ஆண்டுதோறும் கணக்குகளைச் சரிபார்த்து மனுக்களை வாங்கும் ஜமாபந்தியில் கொடுத்த மனுவோடு இணைக்கச் செய்தார். ஆனால் அதே மனுவில், 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்றும், குடிசைவாசிகளுக்கு மாற்று மனைப்பட்டா கையில் கிடைக்கும்வரை அவர்களைத் தொடக் கூடாது என்றும் எழுத வைத்தார். குளத்தை மீட்கத் துடித்த இளைஞர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. காரியத்தைத் தாமதப்படுத்துகிறார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் இறங்கி வரவில்லை. சுற்றுச்சுவர் முதலில் போயிற்று. குடிசைகள், பட்டா வந்த பிறகு, அவற்றில் இருந்தவர்களாலேயே பிரிக்கப்பட்டன. சட்டம் தெரிந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், எளியவனுக்கும் அது சேர வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாக நின்றவர் வேறொருவரைப் பார்த்ததில்லை.

நூலகத்தின் மீதும் அவருக்குத் தனிப் பற்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியை எல்லோரிடமும் நினைவூட்டி, இந்தக் கட்டடம் ஒழுகினால் கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் உண்டு என்பார்.

2022 தேர்தலில் அவர் நின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து கேட்டார்கள், போட்டியின்றியே வந்திருப்பார். ஒரு வார்டின் வாக்கை வாங்கினால் அந்த வார்டுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டார். மன்றத்துக்குள் அவரைப் போன்ற ஒருவர் இருந்திருந்தால் வரவு செலவுக் கணக்கு இன்னும் தெளிவாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். அவரிடமே அதைச் சொல்லி வாதாடியும் இருக்கிறேன்.

அவர் மறைந்தபோது இரங்கல் கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கலாம் என்றார்கள் சிலர். அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையே வழக்கம்போல் நடத்தினால் போதும் என்று பூக்கடை அக்கா சொன்னார், அப்படியே நடந்தது. இப்போது நோட்டை எழுதுவதும் அந்த அக்காதான். சென்ற ஜமாபந்தியில் தெற்குத் தெரு வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும் என்று மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம், நில அளவையர் இன்னும் வரவில்லை.